ஸ்பீக்கர் கண்காட்சியில் நடு நாற்காலி

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால், சாப்பிடுகிறேன், தையல் வேலை வருகிறது, உன் மாமா போனதிலிருந்து தூக்கம்தான் வருவதில்லை. பெட்டிகளை விற்றாயா, விற்றாயா என்று போனில் கேட்கிறாய். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

அவருடைய அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் என் தோள் உயரத்துக்கு முன்னறையில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் அழுகிறேன், அவை போனால் தேறிவிடுவேன் என்று நீ சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. பகலெல்லாம் பஸ் ஓட்டி எஞ்சின் சத்தம் ஏறிய காதைக் கழுவுகிறேன் என்று சாயங்காலம் அதன் முன்னால் உட்காருவார். இப்போது கழுவ ஆள் இல்லை. மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் விசாரித்து, ஒரு ஹோட்டலில் ஸ்பீக்கர் கண்காட்சி நடக்கிறது, பழைய பெட்டி எடுக்கிற வியாபாரியும் வருகிறார், நேரிலேயே பேசி முடித்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு மாடி முழுக்க அறை அறையாக இருக்கிறது, தம்பி. கட்டிலை எல்லாம் தூக்கி வெளியே போட்டுவிட்டு அந்த இடத்தில் ஸ்பீக்கரை வைத்திருக்கிறார்கள். கேட்க வந்தவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு, பல் டாக்டரிடம் முறைக்குக் காத்திருக்கிறவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். முதல் அறையில் பெட்டிகள் பிரிட்ஜ் அளவு. ஒரு பெண் பாடினாள். இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில், அவள் நிற்கிற மாதிரியே இருந்ததா, பின்னால் இருப்பவருக்கு அவளை மறைக்கக் கூடாதே என்று நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். அவள் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கிறது பாருங்கள் என்று அறைக்காரர் பெருமைப்பட்டார். கேட்டது. மாடி ஏறி வந்தவளை உடனே பாட வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது, பாவம். அடுத்த அறையில் டிரம் போட்டார்கள். அது என் காதுக்கு வராமல் நேரே அடிவயிற்றில் இறங்கி, அப்புறம்தான் காதுக்கு ஏறி வந்தது. ஸ்பீக்கருக்குப் போகிற வயர் என் மணிக்கட்டுத் தடிமன், அது தரையில் படக்கூடாதாம், வழி நெடுகச் சின்னச் சின்னக் கட்டைமேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். மனுஷனுக்குக் கட்டில் இல்லாத அறையில் வயருக்குக் கட்டில். தாண்டும்போது என் செருப்பு பட்டு ஒரு கட்டை சாய்ந்துவிட்டது. பிள்ளை தொட்டிலிலிருந்து விழுந்த மாதிரி அத்தனை பேரும் பதறி எழுந்தார்கள்.

மூன்றாவது அறைதான் நம் வியாபாரியுடையது. கோட்டுக்காரர். சுவரைச் சுற்றிக் கனத்த திரை தொங்கியது, அதில் இருபது பேருக்குக் கோட்டு தைக்கலாம். மாப்பிள்ளை நம் பெட்டிகளின் படத்தை போனில் காட்டினார். நல்ல சாமான்தான், வியாழக்கிழமை காலையில் வண்டி அனுப்புகிறேன் என்றார். நானும் சரி என்றேன். சரி என்று சொன்ன வாய் கசந்தது, அதை யாரிடம் சொல்ல. வந்ததற்குப் புது ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டுப் போங்கள் என்று நடு நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நாற்காலியில்தான் சத்தம் சரியாக விழுமாம், அதற்கு ஒரு வரிசையே நிற்கிறது, வயசானவள் என்று எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். விளக்கைக் குறைத்து மெதுவாக வயலின் போட்டார். முதல் இழுப்பு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்புறம் மாப்பிள்ளை என் முழங்கையை இடித்தார். கண்ணைத் திறந்தால் பாட்டு முடிந்திருக்கிறது, அறையே சிலிர்த்துப் போயிருக்கிறது. தலைமுடியைக் குதிரைவால் கட்டிய ஒருவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், கர்ர்ருன்னு வந்த அந்த அடி சத்தம் கேட்டீங்களா? பெட்டியிலேர்ந்து வரல சார். ரூம் நடுவுலேர்ந்து வருது."

"அதுக்குத்தான் சார் இந்த விலை" என்றார் கோட்டுக்காரர்.

இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். போட்டார். வயலின் வந்தது, அந்த அடி சத்தம் வரவில்லை. குதிரைவால் உதட்டைப் பிதுக்கினார். கோட்டுக்காரர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மண்டிபோட்டு வயரை மாற்றினார், அப்போதும் வரவில்லை. வயர் சூடாகிவிட்டது என்றார் ஒருவர். மழைக்காற்று என்றார் இன்னொருவர். எனக்கும் கவலையாகிவிட்டது, இத்தனை பேர் தேடுகிற சத்தம் எதுவாக இருக்கும் என்று மாப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டேன். அவர் முகம் செத்துப் போயிருந்தது.

"அத்தை, அது நீங்கதான்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். "வேணாம் அத்தை, அந்த ஆளு வாங்கற மாதிரி இருக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நடைவழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். உன் மாமா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான், தூங்கியதும் அன்றைக்குத்தான்.

ஆக, நீ சொன்னபடியே எல்லாம் முடிந்தது. இன்று வியாழன், வண்டி வருகிற நேரம். பெட்டிகள் போய்விடும், முன்னறை விசாலமாகிவிடும். இனி அக்காவைப் பற்றிக் கவலை வேண்டாம். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள்.

இப்படிக்கு, உன் அக்கா.

பின்குறிப்பு: வண்டி வந்துவிட்டது. வந்த இருவரில் பெரியவர், ஓடுகிறதா என்று ஒரு தரம் போட்டுக் காட்டச் சொன்னார். உன் மாமா கடைசியாகக் கேட்ட இசைத்தட்டு பிளேயரிலேயே இருந்தது, அதையே போட்டேன். பாட்டு முடிகிறவரை அவர்களும் நின்றார்கள். "எடுத்துக்கலாமாம்மா?" என்று கேட்டார். எடுங்கள் என்று சோபாவைக் காட்டிவிட்டேன். துக்கம் கேட்க வருகிறவர்கள் உட்கார நீ வாங்கிப் போட்டாயே, அதுதான். போட்ட நாளிலிருந்து இடது பெட்டியை மறைத்துக்கொண்டு நிற்கிறது. கோட்டுக்காரரிடம் மாப்பிள்ளை பேசிக்கொள்வார். இந்தக் கடிதத்தையும் சோபாவோடு கொடுத்தனுப்புகிறேன், நீ படிக்கும்போது அது உன் வாசலில் நிற்கும். வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடு. ஓரத்தில் ஒரு கால் ஆடுகிறது, உன் வீட்டுக்காரியை அந்தப் பக்கம் உட்காரவிடாதே.