அடுப்பில்லாத அலுவலகம்

கப்ரோவோ,
டிசம்பரில் பனி ஓயாத ஒரு சனிக்கிழமை

அன்புள்ள ராய்னா அக்காவுக்கு,

தம்பி ஸ்பிரிடோன் பணிவன்புடன் எழுதும் மடல். இங்கே நான் நலம். இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி. அங்கே வலென்சியாவில் நீயும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் நலமாயிருக்க தேவமாதாவை வேண்டிக்கொள்கிறேன். கிறிஸ்துமஸுக்குக் கிளம்பி வரட்டுமா, நீ ஒண்டியாக இருக்கிறாயே என்று கேட்டிருந்தாய். வர வேண்டாம் அக்கா. நான் எங்கே ஒண்டியாக இருக்கிறேன்? எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஏன் என்று சொல்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படி.

எங்கள் முதலாளியம்மா ரதோஸ்டினா, நம் தபால்காரர் மகள்தான், சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத கட்டடம் கட்டித்தரும் கம்பெனி நடத்துகிறாள் அல்லவா, தனக்கே ஒரு புது அலுவலகம் கட்டிக்கொண்டாள். அது வெறும் அலுவலகமில்லை, ஷோரூமும் அதுவே. வைக்கோலும் களிமண்ணும் அடைத்த சுவர், மூன்றடுக்குக் கண்ணாடி ஜன்னல், மூடிப்போன நெசவாலையிலிருந்து கொண்டுவந்த கதவு, மேசை. வாடிக்கையாளர் வந்து சுற்றிப்பார்த்து, எனக்கும் இப்படியே ஒன்று என்று கையெழுத்துப் போட வேண்டும், அதுதான் ஏற்பாடு. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று அதனதன் கழுத்தில் ஒரு சீட்டு தொங்கும். ஆலை மூடியபின் வேலையில்லாமல் கிடந்த காவல்காரன் என்னையும் அவள்தான் கூட்டிவந்தாள். ஒருநாள் வந்தவர்களிடம், "இது ஆலைக் கதவு, இது ஆலை மேசை, இவரும் ஆலையிலேர்ந்து வந்தவர்தான்" என்றாள். உடனே ஒரு அம்மாள் என் கழுத்தில் சீட்டைத் தேடினாள். எனக்குக் கோபம் வரவில்லை அக்கா. என்னை ஒருவர் அவ்வளவு உற்றுப் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அந்தக் கட்டடத்தின் பெரிய பெருமை என்னவென்றால், அதில் அடுப்பு கிடையாது, ஹீட்டர் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சுவர் அவ்வளவு கெட்டி. உள்ளே வேலை செய்கிறவர்களின் உடம்புச் சூடும் கம்ப்யூட்டர் சூடுமே போதும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. கணக்கில் பிழையில்லை. ஆனால் கட்டி முடித்த கையோடு ரதோஸ்டினா, எல்லாரும் காரில் வந்து புகை கிளப்புவது பசுமைக்கு விரோதம், வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாள். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று அவர்களும் போய்விட்டார்கள். மிஞ்சியது நான். என் பெண்டாட்டி ஸ்டெஃப்கா செத்துப்போனபின் அவளில்லாத அடுக்களையில் உட்கார்ந்திருப்பதற்கு, இங்கே கோட்டும் தொப்பியுமாக நடுங்கிக்கொண்டிருப்பது எவ்வளவோ தேவலை. வாசலில் ஒரு பலகை உண்டு. உடம்புச் சூட்டை மோப்பம் பிடித்து உள்ளே எத்தனை பேர் என்று மின்னெழுத்தில் காட்டும். காலையில் நான் நுழைந்ததும் 'ஒருவர்' என்று போடும். சாயங்காலம் பூட்டும்வரை அதையே போட்டுக்கொண்டிருக்கும். சற்று அசையாமல் உட்கார்ந்துவிட்டால், ஆளில்லை என்று விளக்கு தானாக அணைந்துவிடும். நான் இரண்டு கையையும் ஆட்டி, "இருக்கேன்டாப்பா, இருக்கேன்" என்பேன். மறுபடி எரியும்.

இப்படி இருக்கையில் லின்ஸிலிருந்து ஐக்னர் என்றொரு ஆஸ்திரியாக்காரர் ஷோரூம் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. இதே மாதிரி அலுவலகங்கள் பல கட்டப்போகிறவர்.

"இது கைநழுவினா இந்தக் கட்டடத்த வாடகைக்கு விட்டுடுவேன் மாமா. வேற வழியில்ல" என்றாள் ரதோஸ்டினா.

"அப்ப நான்?"

"நீங்க வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

வீட்டில் ரெஸ்ட்! ஐக்னர் வரும் நாளில் எல்லாரும் தவறாமல் வந்து உட்கார வேண்டும் என்று ஊழியர்களுக்கு உத்தரவு போட்டுவிட்டு, அவள் ஐக்னரை அழைத்துவர சோஃபியா விமான நிலையத்துக்குப் போனாள். விடிந்தால் முழங்கால் உயரத்துக்குப் பனி. ஒருவருக்குக் குழந்தைக்குக் காய்ச்சல், ஒருவருக்குக் கார் கிளம்பவில்லை, ஒரு பையன் போனில், "நான் கார்ல வந்தா புகை கிளம்பும் மாமா, கம்பெனிக் கொள்கைக்கே விரோதமாச்சே" என்று எனக்கே பாடம் நடத்தினான். மதியச் சாப்பாட்டுக்கு ஆஸ்திரியாக்காரர் வருகிறார். உள்ளே என் மூச்சு புகையாகப் போகிறது.

அன்றைக்குத்தான் அக்கா, என் பெயர்த் திருநாள், புனித ஸ்பிரிடோன் நாள். அதற்கு ஆளை அழைக்கக் கூடாது, வருகிறவர்கள் தாமாக வர வேண்டும், அழைப்பது வெட்கக்கேடு என்று அம்மா சொல்வாளே. உனக்கு எழுதாத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்டெஃப்கா இறந்துபோன அந்த வருஷம் நான் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் சீஸ் அடைத்த பனிட்சா அப்பம் சுட்டு வைத்து, எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. பனிட்சா ஆறிப்போய் அதன் சீஸ் பல்லில் ஒட்டியது. நானே ஒரு வாரம் தின்றேன்.

அழைக்கத்தானே கூடாது, இனிப்புக் கொடுக்கலாமே! சாக்லேட் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மருந்துக்கடை, தபாலாபீஸ், பென்ஷன்காரர் சங்கம் என்று ஒன்றுவிடவில்லை. சங்கத்தில் யோர்தானா இருந்தாள். ஆலையில் தறிப் பிரிவுக்கே மேஸ்திரியாக இருந்த அந்த வெண்கலத் தொண்டைக்காரி.

"அடே ஸ்பிரோ, உயிரோடதான் இருக்கியா? எங்கடா இருக்க?"

"ஆபீஸ்ல. அங்க நல்ல சூடு."

இது அழைப்பில்லை அக்கா, வானிலைச் செய்தி. பொய்யான வானிலைச் செய்தி. ஆனால் இரவில் முள் தேயுமென்று கடிகாரத்தை நிறுத்திவைக்கும் நம் கஞ்ச ஊரில் இதற்குமேல் என்ன வேண்டும்? விறகு மிச்சம் என்று வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சங்கத்து மின்யோ அக்கார்டியனோடு வந்தான். பலகை தடுமாறித் தடுமாறி எண்ணிக்கொண்டிருந்தது. யோர்தானா கையைத் தேய்த்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அடுப்பு எங்கடா?"

"நீங்கதான் அடுப்பு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில்தான் முதல் சூடு கிளம்பியது. "குளிர்ல சாகடிக்கவா கூப்ட்ட?" என்று கத்தினாள். "நான் எங்க கூப்ட்டேன்? திருநாளுக்கு யாராச்சும் கூப்டுவாங்களா?" என்றேன். அந்தக் கோபத்திலேயே என் கையைப் பிடித்து இழுத்து, வட்டம் கட்டி ஹோரோ ஆட ஆரம்பித்தாள். மின்யோ வாசித்தான். எல்லாரும் கைகோத்தார்கள். ஆட ஆட அறை சூடாகி, கோட்டெல்லாம் கழன்று, கடைசியில் சூடு மிஞ்சிப்போய் ஜன்னல்கள் தாமாகவே திறந்துகொண்டன. கட்டட அமைப்பு அப்படி.

"ஐயையோ, சூடு வெளிய போவுது! பூனை நுழைஞ்சதும் கதவ சீக்கிரம் மூடணும்னு அது வாலையே நறுக்கின ஊர்டா இது! இழுத்து மூடுங்கடா!" என்று யோர்தானா அலற, நாலைந்து கிழங்கள் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தபோது ரதோஸ்டினாவும் ஐக்னரும் உள்ளே நுழைந்தார்கள்.

யார் இவர்கள் என்று அவர் கேட்டாராம். ரதோஸ்டினா கண்ணிமைக்காமல், "எங்க வெப்பப் பிரிவு" என்றாள். அவர் யோர்தானாவிடம் திரும்பி, இங்கே உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டார். ரதோஸ்டினா மொழிபெயர்த்தாள்.

"உக்காந்திருக்கறதுதான் வேலை" என்றாள் யோர்தானா. "சும்மா சொல்லக்கூடாது, நல்லாவே பண்றேன்னு சொல்லு."

மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கோட்டைக் கழற்றினார், நான் காலையில் சுட்டு எடுத்துவந்திருந்த பனிட்சாவை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார், வட்டத்தில் தப்புத்தப்பாக ஆடினார், ஆலை மேசையில் வைத்தே கையெழுத்தும் போட்டார். ரதோஸ்டினா என்னைக் கட்டிக்கொண்டு, "இனி ஒவ்வொரு வியாழனும் எல்லாரும் இங்கதான் மாமா" என்றாள். எல்லாரும் தலையைத் தலையை ஆட்டினார்கள். ஆகவே அக்கா, இங்கே எந்நேரமும் ஒரே கூட்டம். நீ வந்தால் உட்கார நாற்காலி கிடைக்குமா என்பதே சந்தேகம். வீண் அலைச்சல் எதற்கு? வர வேண்டாம்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு முத்தங்கள். புனித நிக்கோலா உங்கள் வீட்டு வாசலை என்றும் காப்பாராக.

இப்படிக்கு,
வேலை மும்முரத்தில் இருக்கும் உன் தம்பி,
ஸ்பிரிடோன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்க்காமல் பையிலேயே வைத்திருந்தேன். இன்று வியாழன். வெயில் அடிக்கிறது. வெயிலடித்தால் விறகுக் கவலை யாருக்கும் இல்லை, ஒருவரும் வரவில்லை. சற்றுமுன் பலகையைப் பார்த்தேன், 'இருவர்' என்று காட்டியது. யாரது, யாரது என்று கூப்பிட்டுக்கொண்டே கழிவறைவரை தேடிவிட்டு வந்தேன். கெட்டில், அக்கா. டீக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. அணைத்தேன், 'ஒருவர்' ஆயிற்று. மறுபடி போட்டுவிட்டேன். பெயர்த் திருநாளுக்குத்தானே யாரையும் அழைக்கக் கூடாது? இன்றைக்கு எனக்கு எந்தத் திருநாளும் இல்லை. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொண்டு, வா அக்கா. தடித்த கோட்டாகப் பார்த்து எடுத்து வா, இங்கே ரொம்பக் குளிர்.