மாலத்தீவிலிருந்து மிஸ்டர் ராபர்ட்

மோசடிகளைப் பற்றி மரியஜோசப்புக்குத் தெரிந்த அளவு குமுளியில் வேறு எவருக்கும் தெரியாது. வந்த மோசடி அத்தனையிலும் அவர் ஏமாந்திருக்கிறார். லாட்டரி விழுந்ததாக வந்த குறுஞ்செய்தி, வழுக்கைத் தலையில் முடி முளைக்க வைக்கும் காட்டு எண்ணெய், டீசலை மிச்சம் பிடிக்கும் காந்தம் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. காந்தத்தை மாட்டிய பிறகு ஜீப்பு டீசலை மிச்சம் பிடித்தது உண்மைதான். அது ஓடவேயில்லை.

இத்தனை அனுபவம் உள்ள மனிதர் சும்மா இருக்கலாமா? மனைவி சந்தனமேரிக்கு மாலத்தீவில் ஆங்கில டீச்சர் வேலை என்று கடிதம் வந்ததும், அது நிசமா பொய்யா என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். யாரும் கேட்கவில்லை. அதனால் என்ன?

"கேட்டுக்க மேரி. நான் தீர விசாரிப்பேன். என் வாயால 'இது நிசமான ஜோலி'ன்னு என்னைக்குச் சொல்றேனோ, அன்னைக்கு நீ தாராளமாப் போகலாம். அதுவரைக்கும் பெட்டியத் தொடக் கூடாது."

"உங்க வாயால சொன்னாப் போதுமாங்க?"

"போதும்."

"பெறகு பேச்சு மாற மாட்டீங்களே?"

"மரியஜோசப்பு பேச்சு மாறுனதா சரித்திரம் உண்டா?"

சந்தனமேரி சரித்திரத்துக்குள் போகவில்லை. போயிருந்தால் அன்றைக்குச் சோறு வடிக்க நேரம் இருந்திருக்காது.

சோறு. விஷயமே அதுதான். முன்னால் போகிற லாரியின் பின்விளக்குகூடத் தெரியாத மூடுபனியில், வாசனையை வைத்தே வளைவைக் கண்டுபிடித்து ஜீப்பில் மலை இறங்குகிறவர் மரியஜோசப். ஏலக்காய் வாசனை வந்தால் வலது பக்கம், கோயில் மெழுகுவர்த்தி வாசனை வந்தால் இடது பக்கம். ஆனால் சொந்த அடுக்களையில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் மனிதருக்குத் திசை தெரியாது. ஒரே மகள் புஷ்பமேரியையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாயிற்று. இவளும் கடல் தாண்டிப் போய்விட்டால் உலை வைப்பது யார்? இதை வெளியே சொல்ல முடியுமா? அதனால், மோசடி என்று சொன்னார்.

சந்தனமேரிக்கும் அவசரம் இருந்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள தனியார் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறாள். ஆள் போதாத காரணத்தால் பூகோளமும் அவளே. சம்பளம் கொடுக்கும்போது அங்கே தலைமையாசிரியரே வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். இருபது வருசமாக வரைபடத்தில் பிள்ளைகளுக்குக் கடலைத் தொட்டுக் காட்டியவளுக்கு, இப்போது கடலே கூப்பிடுகிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

விசாரணை தொடங்கியது. மரியஜோசப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செல்போனில் அந்தத் தீவைத் தேடினார்.

"இதப் பாரு. ஈ உக்காந்துட்டுப் போன மாதிரி இருக்கு. இதுல ஸ்கூல் கட்டுனா பிள்ளைங்க எங்க நிக்கும்? தண்ணிக்குள்ளயா?"

"பெரிசு பண்ணிப் பாருங்க."

பெரிசு பண்ணினார். பள்ளிக்கூடம் இருந்தது. மைதானம் இருந்தது. படகுத்துறைகூட இருந்தது.

"மைதானத்துல ஒரு பயலக் காணோமே."

"லீவு நாள்ல எடுத்த படமா இருக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கா பாரு." கடிதத்தை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். "இந்தச் சீலு ஏன் இவ்வளவு வட்டமா இருக்கு? சர்க்கார் சீலுன்னா ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், மையி பாதிதான் ஒட்டியிருக்கும். இவ்வளவு சுத்தமா சீலு குத்துறவன் கள்ளன்."

சந்தனமேரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏங்க, அந்தப் பிரின்சிபால்கிட்ட வீடியோவுல பேசியாச்சு. ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னாங்க, காட்டியாச்சு. அங்கயே வேல பாக்குற நாகர்கோயில் டீச்சர்கிட்ட தனியாப் பேசி, தண்ணி எப்படி, தங்குற ரூமு எப்படின்னு கேட்டாச்சு. ஸ்கூல் வெப்சைட்டுல போட்டிருக்கிற நம்பருக்கு நானே திருப்பிக் கூப்பிட்டேன், அதே ஆளுங்கதான் எடுத்தாங்க. டூரிஸ்ட் விசா இல்ல, வேலைக்கான பெர்மிட்டு. திருவனந்தபுரத்துல சர்க்கார் ஆபீஸ்லயும் விசாரிச்சுட்டேன். இன்னும் யாருகிட்டங்க கேக்கணும்?"

"அதெல்லாம் கெடக்கட்டும். பணம் எவ்வளவு கேட்டான்?"

"ஒண்ணுங் கேக்கல."

"ஒண்ணுமே?"

"பிளேன் டிக்கெட்டும் அவங்கதான்."

மரியஜோசப் தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார். "மாட்டுனான்ல. பணம் வாங்காம எவன் ஜோலி குடுப்பான்? நிசமான ஆளுன்னா இந்நேரம் பணம் கேட்டிருப்பான். கேக்கல பாரு, அதுலயே தெரியுது இது மோசடின்னு."

"பணம் கேட்டாத்தாங்க மோசடி. பேப்பர்லயும் அப்படித்தான் போடுறாங்க, போலீசும் அதத்தான் சொல்லுது."

"பேப்பர்காரனுக்கு என்ன தெரியும்? வீட்டுல நான் சொல்றதுதான் முடிவு."

அப்படிச் சொன்னாரே தவிர, அவள் சொன்னது காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பணம் கேட்டால் மோசடி. அப்படியென்றால், பணம் கேட்க வைத்துவிட்டால்? நேராக ஜின்சன் கடைக்கு நடந்தார்.

ஜின்சன் தேக்கடி போகிற சாலையில் ஏலக்காயும் மிளகும் விற்கிறவர். சுற்றுலா வருகிற வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசி அவர் ஆங்கிலத்துக்கே ஒரு கிராம்பு வாசனை உண்டு. முன்னொரு காலத்தில் கொஞ்ச நாள் வளைகுடாவில் வேலை பார்த்தார். ஊர் திரும்பியும் வாட்ஸப்பில் அந்த ஊர் நம்பரையே வைத்துக்கொண்டிருக்கிறார், கௌரவத்துக்கு.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. அன்பியத் தலைவர். அந்தத் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும்போது, முன்னால் நின்று சொல்லிக் கொடுக்கிறவர். கோயிலில் பகல் பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் போதும், மூவேளைச் செபத்தை இருந்த இடத்திலேயே உரக்க ஆரம்பித்துவிடுவார். அவர் ஒரு வரி சொல்ல, கேட்கிறவர்கள் அடுத்த வரியைப் பதிலாகச் சொல்ல வேண்டும். தராசில் ஏலக்காய் பாதியில் நிற்கும். ஒரு தடவை பல் பிடுங்க வாயைத் திறந்து படுத்திருந்தபோது மணி அடித்துவிட்டதாம். வாய்க்குள் குறடு இருக்கும்போதே செபத்தை ஆரம்பித்தார், டாக்டர் பதில் சொன்னார், ஆமெனோடு பல்லும் வந்தது என்பார்கள். சொல்கிறவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். குறடு உண்மை.

"ஜின்சா, என் பொண்டாட்டிகிட்ட நீ ஒரு வெள்ளைக்காரனாப் பேசணும்."

"எந்த ஊரு வெள்ளைக்காரன் வேணும்ணே? ஜெர்மனியா, இங்கிலாந்தா? எல்லாம் ஸ்டாக்கு இருக்கு."

"மாலத்தீவு."

"அங்க ஏதுண்ணே வெள்ளைக்காரன்?"

"அவளுக்கு அதெல்லாம் எங்க தெரியப் போகுது?" என்றார் மரியஜோசப், பூகோள டீச்சரைப் பற்றி.

"பாவமில்லையாண்ணே?"

"ஒரு குடும்பத்தப் பிரியாமக் காப்பாத்துற பொய்யி."

"அப்பச் சரி. ஆனா பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லும்போது உங்க பேரையும் சேத்துச் சொல்லிருவேன்."

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. முற்பகலில் மரியஜோசப் முற்றத்தில் ஜீப்பைக் கழுவினார். அந்த ஜீப்பு தண்ணீர் கண்டது மழைக்காலம் தவிர்த்து அன்றுதான். ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது.

"யெஸ், மிஸ்டர் ராபர்ட்... யெஸ் சார்... டூ லாக்ஸ், சார்?"

மரியஜோசப் துணியைப் பிழிந்தார். உள்ளுக்குள் பால் பொங்கியது. ஜின்சன் மூக்கில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு பேசுவதாகத்தான் ஏற்பாடு. குரலை அவரைப் பெற்றவளாலும் கண்டுபிடிக்க முடியாது.

அப்போது பன்னிரண்டு மணி அடித்தது. அவர் தலைத்துண்டை எடுத்துவிட்டுச் செபம் சொன்னார். ஜன்னலுக்குள் பார்த்தால், சந்தனமேரியும் எழுந்து நின்று, காதிலிருந்து போனை எடுக்காமலே, தலை குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நிறுத்துவதும், முணுமுணுப்பதும், மறுபடி நிறுத்துவதுமாக. ஏமாந்துகொண்டிருக்கும்போதும் செபத்தை விட மாட்டேன் என்கிறாளே, பாவம், என்று அவருக்கே மனசு இளகிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவள் வெளியே வந்தாள்.

"ஏங்க, யாரோ ராபர்ட்டாம். ஸ்கூல்ல பெரிய ஆபீசராம். சனிக்கிழமைக்குள்ள ரெண்டு லட்சம் கட்டணுங்கிறாரு."

"நான் அப்பவே சொன்னேன்ல."

"ஆமாங்க, நீங்க சொன்னதுதான் சரி. 'நிசமான ஆளுன்னா பணம் கேட்டிருப்பான்'னீங்க. கேட்டுட்டாரு. இப்பத்தான் எனக்கு நம்பிக்கையே வந்துச்சு."

மரியஜோசப் கையிலிருந்த வாளி நழுவியது.

"ஏய், பணம் கேட்டா மோசடின்னு நீதான சொன்ன?"

"அது நான் சொன்னதுங்க. நம்ம வீட்டுல நான் சொல்றது என்னைக்கு எடுபட்டிருக்கு? முடிவு சொல்றவரு நீங்கதானே. கட்டிருவோம்."

"எதை வச்சுக் கட்டுவ?"

அவள் ஜீப்பைப் பார்த்தாள். ஜீப்பு அப்போதுதான் குளித்துவிட்டுப் பளபளவென்று நின்றது. அதை வாங்கிய காலத்தில், கடன் கொடுக்கிறவர்கள் மரியஜோசப்பின் பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். அதனால் வண்டி சந்தனமேரியின் பெயரில்தான் வந்தது.

அவர் ஜின்சன் கடைக்கு ஓடினார். மிஸ்டர் ராபர்ட் வெள்ளிக்கிழமை காலையில் திரும்பக் கூப்பிட்டு, பணமே வேண்டாம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். சந்தனமேரி கண் கலங்கிவிட்டாள்.

"ராபர்ட் சார் வேண்டாம்னுட்டாருங்க. எவ்வளவு பெரிய மனுசன். அவரு மனசுக்காகவாவது கட்டிறணும்."

சனிக்கிழமை வெயில் ஏறியதும் ஜோஜோ வந்துவிட்டார். பழைய வண்டி வாங்கி விற்கிறவர். சந்தனமேரியிடம் படித்துத்தான் அவர் மகன் ஆங்கிலத்தில் தேறினான். ஜோஜோ டயரை உதைத்தார். கதவைத் திறந்தார். கதவு கையோடு வந்தது.

"டீச்சர், இத ஓட்டிட்டுப் போறதா, சொமந்துட்டுப் போறதா?"

"எப்படியாவது கொண்டு போயிருங்கண்ணே. திங்கக்கெழமைக்குள்ள நான் பதில் சொல்லணும். ஏங்க, சாவியக் குடுங்க."

மரியஜோசப் சாவியை இறுக்கிக்கொண்டார். அந்த ஜீப்புதான் அவருடைய மானம், மரியாதை, வேலைவெட்டி, வீட்டிலிருந்து தப்பிக்கிற வழி எல்லாம். சோறு பெரிதா, ஜீப்பு பெரிதா? இந்தக் கேள்வி ஒரு மனிதனுக்கு வரவே கூடாது.

"மேரி, பணம் கட்ட வேண்டாம்."

"ஏன்?"

"கேட்டது ஸ்கூல் இல்ல."

"பெறகு?"

"ஜின்சன்."

"ஏலக்கா ஜின்சனா? அவரு ஏன் கேக்கணும்?"

"நான்தான் கேக்கச் சொன்னேன்." குரல் ஜீப்புக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது.

"அப்ப, ஸ்கூல்காரங்க பணமே கேக்கல?"

"கேக்கல."

"பிரின்சிபால், பெர்மிட்டு, நாகர்கோயில் டீச்சரு, அந்தச் சீலு, எல்லாம்?"

"எல்லாம் சரிதான்."

"அப்படிப் பொதுவாச் சொன்னா எப்படி? உங்க வாயால சொல்லணும்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

மரியஜோசப் வானத்தைப் பார்த்தார். ஜோஜோவைப் பார்த்தார். கையோடு வந்த கதவைப் பார்த்தார்.

"இது நிசமான ஜோலி."

"ஜோஜோண்ணே, கேட்டீங்கல்ல?"

"தெளிவாக் கேட்டேன் டீச்சர். இனி நான் கெளம்பட்டுமா? கடையத் திறக்கணும்."

"அப்ப வண்டி?" என்றார் மரியஜோசப்.

"இந்த வண்டி யாருக்குண்ணே வேணும்? டீச்சர் சும்மா வந்து நிக்கச் சொன்னாங்க, வந்து நின்னேன்." கதவைப் பத்திரமாக அவர் கையில் கொடுத்தார்.

மரியஜோசப் கதவோடு நின்றார். "மேரி, உனக்கு எப்பத் தெரியும்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கோயில் மணி அடித்தது. பன்னிரண்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் காப்பிச் செடி மறைவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு உருவம், ஒளிந்திருப்பதை மறந்து விறைப்பாக எழுந்து நின்றது. கணீரென்று மூவேளைச் செபத்தை ஆரம்பித்தது. ஜின்சன்தான். சந்தனமேரி தலை குனிந்து பதில் சொன்னாள். அவர் ஒரு வரி, அவள் ஒரு வரி. நிறுத்துவதும், சொல்வதும், மறுபடி நிறுத்துவதுமாக. மரியஜோசப்பின் உதடு பாதிச் செபத்தில் அப்படியே நின்றுவிட்டது. வியாழக்கிழமை ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது.

"ஆமென்," என்றார் ஜின்சன்.

"ஆமென்," என்றாள் சந்தனமேரி. "அன்னைக்குப் போன்லயும் இப்படித்தான் பக்தியாச் சொன்னாரு. ஆமென் சொல்லி முடிச்ச கையோட, விட்ட எடத்துலருந்து ரெண்டு லட்சத்தக் கேட்டாரு பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பின்னாலேயே குரலும் வந்தது.

"ஏங்க, கதவக் கீழ வச்சுட்டு வாங்க. உலை வைக்கிறது எப்படின்னு இன்னைக்கே படிச்சுக்கங்க. அரிசி ஒரு டம்ளர் கூடப் போடுங்க, ராபர்ட் சாரும் சாப்பிடுவாரு."