மேல்வயல் தண்ணீர்

“தாத்தா, வயிறு எப்படி நெஞ்சுக்குள்ள ஏறும்?” ஆபரேஷனுக்கு முன்னால் பேத்தி தமிழ்நிலா கேட்டாள்.

“வரப்பு ஒடஞ்சா தண்ணி அடுத்த வயலுக்குப் போவுதுல்ல, அப்படித்தான்” என்றார் பஞ்சநதம்.

டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசைத் தடுப்பில் ஓட்டை பெரிதாகி, இரைப்பை மேலேறி நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கிக்கொண்டிருந்தது. ஊரே இதய நோய் என்று நம்பிய மூச்சிரைப்பு அதனால் வந்ததுதான். தஞ்சாவூரில் இரைப்பையைக் கீழே இறக்கி ஓட்டையைத் தைத்தார்கள். பிறகு எடுத்த எக்கோவில் இதயம் தாராளமாக வேலை செய்தது. பஞ்சநதம் மல்லாந்து படுத்துத் தூங்கினார். எங்கும் உட்காராமல் வயல்வரை நடந்தார்.

ஒரு நன்றிக்கடன் மட்டும் உறுத்தியது. மூச்சு வாங்கி அவர் பாதி வழியில் திரும்பிய நாட்களில், யாரோ அவர் மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சியிருந்தார்கள். பக்கத்து வயல் துரைக்கண்ணுவாகத்தான் இருக்கும். ஒருமுறை கேட்டபோது, “அட, இதையெல்லாம் பேசிக்கிட்டு...” என்று மீசையைத் தடவினானே!

சொல்லாமல் செய்ததைச் சொல்லாமல்தான் தீர்க்க வேண்டும். மண்வெட்டி தொடக் கூடாதென்பது டாக்டர் உத்தரவு. ஊர் உண்டு கண்ணயர்ந்த மதியத்தில், துரைக்கண்ணுவின் மடையிலிருந்த வைக்கோல் அடைப்பைக் காலாலேயே தள்ளிவிட்டு, “ஐயாறப்பா, கணக்கு நேராச்சு” என்று கும்பிட்டு வந்தார்.

சாயங்காலம் துரைக்கண்ணு வந்து கத்தினான். “காலையிலதாண்ணே யூரியா போட்டேன்! எவனோ தண்ணிய விட்டு அம்புட்டையும் கரைச்சுட்டான். கீழ் வரப்பை வெட்டி வடிச்சுட்டு வர்றேன்.”

பஞ்சநதத்துக்குக் கஞ்சி இறங்கவில்லை.

“தையல் இழுக்குதாங்க?” என்று மனைவி மங்களாம்பிகை பதறினாள்.

வடித்த வயல் காய்ந்துவிடுமே என்று மறுநாள் மதியம் போய்க் கொஞ்சமாகத் திறந்துவிட்டார். அதே பயத்தில் துரைக்கண்ணுவும் பம்புசெட்டைப் போட்டிருந்தான். வயல் குளமானது. மறுபடியும் வரப்பை வெட்டினான்.

“அண்ணே, இவன் ஏதோ பழைய பகையாளி. நீங்க காவல் இருங்க. இப்பத்தான் ஒங்களுக்கு மூச்சு வாங்கலையே, தொரத்திப் புடிங்க! சிக்குனான், கால ஒடிச்சிருவேன்.”

உண்மையைச் சொல்ல வந்த பஞ்சநதம் தன் காலைப் பார்த்துக்கொண்டு, “சரிப்பா” என்றார். தன்னைத் தானே பிடிக்க அன்றாடம் வரப்பில் காவல் உட்கார்ந்தார்.

ஒரு வாரம் போயிற்று. துரைக்கண்ணுவின் வரப்புக்குக் கீழுள்ள வயலில் இருதயம்மாள் களை பறித்துக்கொண்டிருந்தாள். புருஷனை இழந்தவள், ஒண்டியாகப் பயிர் செய்பவள். வாய்க்கால் தண்ணீர் எட்டாத கடைமடை நிலம் அது. ஆனால் பயிர் கறுகறுவென்று நின்றது.

“என்ன தங்கச்சி, பயிரு இப்படித் தூக்கியிருக்கு?”

“மாதா புண்ணியம்ண்ணே. கருகிடுமோன்னு அழுதுகிட்டிருந்தேன். மேல்வயல்லேருந்து தண்ணி வழிஞ்சு வந்துச்சு பாருங்க, ஒரத்தோட!”

“யாரு... யாரு தொறந்துவிட்டாங்களாம்?”

இருதயம்மாள் நிமிராமல் ஒரு களையைப் பிடுங்கிப் போட்டாள்.

“அதை நான் ஏண்ணே கேக்கணும்? ஒங்க மடையை நான் தொறந்துவிட்டப்ப, நீங்க என்னைக் கேட்டீங்களா?”