நாற்காலியைத் தூக்கியவர்

"என்னய்யா இது? இவங்க ஆட்டம் பார்க்க வந்தவங்களா, சம்பந்தம் பேச வந்தவங்களா?" என்று செய்தி ஆசிரியர் திரையைக் காட்டிக் கத்தினார்.

திரையில், மைதானத்துக்கு வெளியே சிவப்புச் சட்டை ரசிகன் ஒருவன், நீலச் சட்டை ரசிகனின் கன்னத்தில் அக்கறையாக நீல வண்ணம் பூசிக்கொண்டிருந்தான். அன்று மாலை சர்வதேசக் கால்பந்து அரையிறுதி.

"ஒரு மாசமா 'மோதல் வெடிக்கும்'னு சொல்லிட்டு வர்றோம். மூணு மணிச் செய்தில அடிதடி வேணும்."

"நடக்காததை எப்படி சார் வெட்டி ஒட்டறது?" என்றார் எடிட்டர். சேனலில் அவருக்கு வெட்டுக்கிளி என்று பெயர்.

"புது முதலாளி இன்னைக்கு ரயில்ல வர்றார். நம்மள்ல யாரும் இன்னும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கலை. பந்துன்னா பைத்தியமாம். வந்ததும் உன் வேலையை நிரந்தரம் பண்றதா, வீட்டுக்கு அனுப்பறதான்னு முடிவு பண்ணுவார்."

வெட்டுக்கிளிக்கு ஆறு வருஷமாக ஒப்பந்த வேலை. இன்றும் நிரந்தரமாகாவிட்டால் மச்சானின் டயர் கடையில் போய் உட்கார வேண்டும் என்பது வீட்டில் நிறைவேறிவிட்ட தீர்மானம். மச்சான் ஸ்டூல்கூட வாங்கிப் போட்டுவிட்டார்.

பழைய பதிவுகளைக் கிளறினார். என்றோ எங்கோ நடந்த ஆட்டத்தில், மஞ்சள் சட்டை போட்ட தொப்பைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கி வீசும் காட்சி. ஐந்தே விநாடிதான். அதை நேராக, மெதுவாக, இடம் வலமாகத் திருப்பி என்று ஓட்டியதில் ஒரு நாற்காலி நாற்பதாயிற்று. இரண்டு அணிகளிலும் மஞ்சள் இல்லாததால் சட்டையைச் சிவப்பாக்கினார்.

'சிவப்பு ரசிகர்கள் வெறியாட்டம்!' என்றது மூன்று மணிச் செய்தி.

உடனே போன். "என்ன சார் அநியாயம்? இங்க நாற்காலியே கிடையாது. காலைலேர்ந்து நின்னுட்டு இருக்கோம்!" என்றார் சிவப்பு ரசிகர் மன்றத் தலைவர்.

"நடுநிலையா இருப்போம். அடுத்த செய்தில நீலமாக்கிடு" என்றார் ஆசிரியர்.

மூன்றரை மணிக்குச் சட்டை நீலமாயிற்று. இப்போது நேயர்கள் கூப்பிட்டார்கள். "ஏங்க, ஒரே ஆள் அரை மணி நேரத்துல அணி மாறிட்டானா?"

ஆசிரியர் மோவாயைத் தடவினார். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது. அந்த முகம் மலர்ந்தால் யாருக்கோ கெட்ட காலம்.

"ரெட்டைப் பிறவி!" என்றார்.

நான்கு மணிக்கு, 'ஒரு தாய் பிள்ளைகள் எதிரெதிர் அணியில்! கலங்கும் குடும்பம்!' ஸ்டுடியோவில் ஒரு மனநல மருத்துவர், இரட்டையரில் பிந்திப் பிறந்தவர்தான் நாற்காலியை உயரமாகத் தூக்குவார் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். "என்னங்க, அந்த ரெண்டு பிள்ளைங்களையும் பெத்தவளை நினைச்சா மனசே ஆறலை. எங்கண்ணன்கூட கடையைச் சாத்திட்டு டிவி முன்னால உட்கார்ந்திருக்கார்."

"அது ஒரே ஆள்தாம்மா. நான்தான் சட்டைக்கு நிறம் மாத்தினேன்."

"போங்க, டாக்டரே சொல்றார். உங்களுக்கு என்ன தெரியும்?"

அடுத்தது காவல் நிலையம். இரட்டையரின் பெயரும் விலாசமும் உடனே வேண்டுமாம். "நாங்களும் அவங்களைத்தான் தேடறோம் சார்" என்று ஆசிரியர் சமாளித்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற, தொப்பைக்காரரின் முகத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டு 'இவர்களைத் தெரியுமா?' என்று ஓடவிட்டார்கள். பதினொரு பெண்கள் அது தங்கள் கணவர்தான் என்று அடையாளம் சொன்னார்கள். ஒருத்தி, "அவரா இல்லாட்டியும் பரவாயில்லை, வந்து கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

மைதானத்திலிருந்து நிருபர் பதறினார். "சார், ரெண்டு அணிக்காரங்களும் தோள்ல கை போட்டுட்டு ஊர்வலமா கிளம்பிட்டாங்க!"

"எங்கே?"

"நம்ம ஆபீசுக்குத்தான். எங்க பேரைக் கெடுத்தவன் எவன்னு கேட்டுட்டு வர்றாங்க."

வெட்டுக்கிளி எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். "சார், உண்மையைச் சொல்லிடலாம். 'தவறுக்கு வருந்துகிறோம்'னு கீழே ஒரு வரி ஓடட்டும்."

"வரி ஓடாதுய்யா, நாமதான் ஓடணும்."

அதற்குள் ஆசிரியரின் கைப்பேசி அடித்தது. எழுந்து நின்று பேசினார். "சரிங்க", "பத்து லட்சம் பேருங்க", "கண்டிப்பாங்க" தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. வைத்ததும் வெட்டுக்கிளியைக் கட்டிக்கொண்டார்.

"முதலாளி! ரயில்ல டிவி பார்க்க முடியலையாம். எத்தனை பேர் பார்க்கறாங்கன்னு மட்டும் கேட்டார். சொன்னதும் துள்ளிக் குதிக்கிறார். உன் வேலை நிரந்தரம்!"

வெட்டுக்கிளி வீட்டுக்குச் சொல்லக் கைப்பேசியை எடுத்தார்.

"ஆனா ஒண்ணு. அந்த நாற்காலிக்காரனை எப்படியாவது பிடிச்சு, ஆறு மணிக்கு நேரலைல உட்கார வைக்கணுமாம். 'கையைக் கட்டிக் கொண்டு வந்தாலும் சரி'ன்னுட்டார்."

ஆட்டம் தொடங்கப் போகிறது என்றதும் ரசிகர் ஊர்வலம் பாதி வழியிலேயே மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. வட்டம் போட்ட படம் அச்சாகி, நிருபர்கள் முதல் வாசல் வாட்ச்மேன் வரை ஆளுக்கொன்றாகப் போய்ச் சேர்ந்தது. வெட்டுக்கிளி வீட்டுக்குப் போன் செய்தார். "நிரந்தரம் ஆயிடுச்சு. உங்கண்ணனை அந்த ஸ்டூல்ல வேற யாரையாவது உட்கார வெச்சுக்கச் சொல்லு!"

ஆறு அடித்து இரண்டு நிமிஷம். கதவைத் தள்ளிக்கொண்டு வாட்ச்மேன் வந்தார். சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்திருந்தது, மூச்சு இரைத்தது, முகமெல்லாம் பெருமை.

"சார், கார்லேர்ந்து இறங்கினதுமே அமுக்கிட்டேன், கையைக் கட்டி ஸ்டுடியோவில உட்கார வெச்சாச்சு, நேரலையும் ஓடுது, அவன் திமிரைப் பாருங்க சார், இந்தச் சேனலே அவனோடதாம்!"