ஆற்றுவாயில் ஒரு காவற்கோபுரம்

நாட்டின் எல்லைகளை மலைகள் காத்ததுண்டு, படைகள் காத்ததுண்டு. ஒரு மணல்திட்டைக் காத்து நாட்டையே காப்பாற்றிய பெருமை மட்டும் கதிரவெளிக்கு இப்பாலுள்ள ஓடைமுனைக் கிராமத்துக்கே உரியது. அந்தப் பெருமையில் தனக்கும் பங்குண்டு என்பது வட்டை வயலில் வேளாண்மை செய்யும் இராசாத்திக்குக் கடைசியில்தான் தெரிய வந்தது.

'கரையோர எல்லைப் பாதுகாப்பும் அனர்த்த ஆயத்தமும்' என்று ஒரு மானியம் வந்திருந்தது. வருடம் முடியுமுன் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். மானியம் திரும்பிப் போவதைவிடப் பெரிய அனர்த்தம் எந்த அலுவலகத்துக்கும் கிடையாது. எனவே திட்ட இணைப்பாளர் உதயரூபன் ஆவணி வெயிலில் தொப்பியோடு வந்து இறங்கினார். கோபுரம் கட்ட இடம் தேடினார். ஒரு காணிக்கு உறுதிப்பத்திரம் இருந்தது, இன்னொன்றுக்கு வழக்கு இருந்தது, மூன்றாவதை வன இலாகா கேட்டது. யாருமே உரிமை கோராமல் கிடந்தது, வாவிக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்திட்டு ஒன்றுதான். அதன் மேல் நின்று அவர் கடலைப் பார்த்தார். கடலும் ஆட்சேபிக்கவில்லை.

மாரியில் ஆறு பெருகி வாவி நிரம்பினால், வயல் மூழ்குமுன் அந்தத் திட்டை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுவது ஊர் வழக்கம். வயற்காரர் மண்வெட்டியோடு திரள்வார்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து முதல் வெட்டுப் போடுவது மீன்பிடிக்கும் மத்தேயு. இராசாத்தி இதை எடுத்துச் சொன்னாள்.

"அது காணியில்ல சேர். ஆத்துட கதவு."

"கதவெண்டாக் கட்டாயம் காவல் வேணுமே, அம்மா," என்றார் உதயரூபன். கூட்ட அறிக்கையில் 'பொதுமக்கள் ஏகமனதாக வரவேற்றனர்' என்று பதிவானது.

கோபுரம் எழுந்தது. அதை அலை அரிக்காதிருக்க இருபுறமும் கருங்கல் அடுக்கினார்கள். கோபுரத்துக்கு ஒரு தொலைநோக்கி, ஓர் ஒலிபெருக்கி, ஒரு காவலர். திட்டை மத்தேயுவைவிட அறிந்தவர் ஊரில் இல்லை என்பதால் அவருக்கே அந்தக் காவல் வேலை கிடைத்தது. ஆண்டுதோறும் அதை வெட்டியவரே இனி அதை எவரும் வெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திறமைக்கு ஏற்ற நியமனம் என்பது இதுதான்.

மார்கழியில் மழை பிடித்தது. விடவில்லை. இராசாத்தியின் நெல் கதிர் கருக்கொள்ளும் குடலைப் பருவத்தில் நின்றது. முதலில் வரம்பு மறைந்தது, பிறகு தாள் மறைந்தது. குடலை மூழ்கிவிட்டால் அந்தப் போகமே இல்லை. அவள் ஊரைத் திரட்டிக்கொண்டு மண்வெட்டியோடு போனாள். செம்மஞ்சள் அங்கி போட்ட மத்தேயு குறுக்கே நின்றார். வெள்ளம் முதலில் வடிந்தது அவர் கண்களில்தான்.

"அக்கா, வெட்டினாக் கோபுரம் சாயும்."

"வெட்டாட்டி நாங்க சாயிறம், தம்பி."

"எனக்கு விளங்காமலா? மேலிடத்தக் கேட்டிருக்கன். கொஞ்சம் பொறுங்க."

மேலிடம் உடனே செயற்பட்டது. அவசரக் கூட்டம் கூடியது. ஊரில் நனையாத இடம் கோபுரத்தின் உச்சி மட்டுமே என்பதால் கூட்டமும் அங்கேயே நடந்தது. கோபுரம் எவ்வளவு தூரநோக்கோடு கட்டப்பட்டது என்பது அப்போதே நிரூபணமாயிற்று. அரச சொத்துக்கு அடியில் மண் அகழ்வதானால் கள ஆய்வு வேண்டும் என்றார் உதயரூபன். கள ஆய்வுக்குத் தரை காய்ந்திருக்க வேண்டும். அதுவரை இந்த வெள்ளத்தை ஓர் 'ஒத்திகை'யாகக் கொள்ளலாம் என்றும், பொதுமக்கள் பதற்றமின்றி ஒத்துழைக்கலாம் என்றும் ஒலிபெருக்கி அறிவித்தது. இராசாத்தி இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒத்துழைத்தாள். தண்ணீர் தானாக வடிந்தபோது வட்டை முழுதும் நெல் அழுகிய மணம்.

தைமாதத்தில் விழா எடுத்தார்கள். அந்தப் பருவத்தில் கடல்வழியாக ஒரு கள்ளனும் கரையேறவில்லை என்பதற்காகக் கோபுரத்துக்கு விருது. மத்தேயு மாலையை வாங்கிக்கொண்டு தலை குனிந்து நின்றார். 'பயனாளி' சார்பில் இரண்டு வார்த்தை பேசுமாறு இராசாத்தியை அழைத்தார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள்.

"சேர்மார் சொல்றது மெய்தான். கடலால ஒரு கள்ளனும் உள்ள வரல்ல. உள்ள நிண்ட தண்ணியையும் ஒரு சொட்டு வெளியால போக விடல்ல. அவ்வளவு நல்ல காவல்."

உதயரூபன் கை தட்டத் தொடங்கினார். அவள் முடிக்கவில்லை.

"கள்ளன் வந்திருந்தா, சுமக்க ஏலாமப் பாதி நெல்லையாவது விட்டிட்டுப் போயிருப்பான்."