பன்னிரண்டு சொட்டு

கதவைப் பூட்டினோமா என்று பார்க்க மூன்று முறை மாடி ஏறுகிறவள் நான். அப்படிப்பட்டவள் வினையூக்கி ஆராய்ச்சிக்குப் போயிருக்கக் கூடாது. வினையூக்கி என்பது ரசாயனங்களை அவசரப்படுத்தும் சரக்கு. சில சொட்டு போதும். போட்டோமா இல்லையா என்று குழம்புகிறவர்களுக்கு ஏற்ற வேலை இல்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் என் வினையூக்கிக்குச் சோதனை வைத்தார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அச்சில் ஊற்றினால் பொங்கி இறுகி ஷூவுக்கு அடிப்பாகம் ஆகிவிடும். சோதனை ஜெயித்தால் என் ஆராய்ச்சி இன்னொரு வருடம் ஓடும். இல்லையென்றால் பாதியில் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

சூப்பர்வைசர் நசீர் பாய் சாம்பிள் ஷூ ஒன்றை நீட்டினார். என் பேராசிரியர் மறுத்துவிட்டார்.

"வேணாம் பாய். என் ஷூவுக்கே போடுங்க. என் ஸ்டூடன்ட் மேல எனக்கு அவ்ளோ நம்பிக்கை." சொல்லிவிட்டு இடது கால் ஷூவைக் கழற்றிக் கொடுத்தார். (புது ஷூ. மகள் கல்யாணத்துக்கு வாங்கியது.) அதிலிருந்த அடிப்பாகத்தைப் பிய்த்து அச்சில் மாட்டினார்கள்.

முதல் திரவத்தில் ஆறு சொட்டு விடவேண்டும். கையில் பாட்டிலோடு நிற்கிறேன், போன். மாமியார்.

"பாப்பாக்கு ஜுர மருந்து குடுத்துட்டுதான் போனியா? எதுக்கும் இன்னொரு தபா குடுத்துடட்டுமா?"

"ஐயோ அத்தை! குடுத்துட்டேன். சந்தேகத்துக்கெல்லாம் ரெண்டாவது தபா குடுக்கக் கூடாது!"

போனை வைத்தேன். பாட்டில் திறந்திருந்தது. ஆறு சொட்டு விட்டேனா?

எதற்கும் இருக்கட்டும் என்று ஆறு விட்டேன்.

நசீர் பாய் இரண்டாவது திரவத்தைக் கலந்து அச்சில் ஊற்றி மூடினார். மூடி தானாகத் திறந்தது. மஞ்சள் நுரை வெளியே வந்து, ஷூவின் மேல் ஏறி, லேஸையும் விழுங்கிவிட்டு நின்றது. வேலை செய்துகொண்டிருந்த பெண் ஒருத்தி, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். லைன் மொத்தமும் சிரித்தது.

"இன்னாம்மா, எவ்ளோ போட்ட?" என்றார் பேராசிரியர்.

"ஆறு சார்..." என்றேன். (ஒரு தடவைக்கு.)

நசீர் பாய் கத்தியால் அறுத்துப் பார்த்தார். ஷூ எங்கே முடிகிறது, நுரை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "இப்ப லேடீஸ் ஆர்டர்தான் ஓடுது சார்" என்று கூச்சத்தோடு போட்டுக்கொண்டு போக ஒன்றைக் கொடுத்தார். ஒரு காலில் கல்யாண ஷூ, மறு காலில் ஹீல்ஸ். அப்படியேதான் பேராசிரியர் வேலூர் வரை பஸ்ஸில் வந்தார்.

என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுவாரம் அவர் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையைப் பார்த்தேன்: "வினையூக்கியின் வேகம் எங்கள் எதிர்பார்ப்பை மிஞ்சியது. மேலும் ஆய்வு தேவை." ஒரு வார்த்தை பொய்யில்லை. குழு பாராட்டி, ஒரு வருடம் நீட்டித்தது.

சந்தோஷத்தில் அந்த வரியை வீட்டில் படித்துக் காட்டியதுதான் நான் செய்த அடுத்த தப்பு. இப்போது பாப்பா படுக்கையை நனைத்தால்கூட மாமியார் அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கிறார்:

"இன்னாம்மா, எதிர்பார்ப்பை மிஞ்சிட்டாளா?"