ஒட்டுநெஞ்சர்

மனிதரில் புதிதாக ஓர் இனம் கிளம்பியிருக்கிறது. ஒட்டுநெஞ்சர் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எந்தக் குளிரிலும் சட்டையின் மேல் பொத்தான் திறந்தே இருக்கும். உள்ளே பிளாஸ்திரி மாதிரி ஒன்று பளபளக்கும். தோலோடு தோலாக இழுபடும், வளையும், குளித்தாலும் போகாது. நாடி, மூச்சு, சூடு, வியர்வை எல்லாவற்றையும் மோப்பம் பிடித்துப் போனுக்குச் சொல்லிவிடும். நல்ல சாமான்தான். நம் பேச்சு அதை ஒட்டிக்கொண்ட ஆளைப் பற்றி.

இவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். போனை எடுப்பார், கண்ணாடியைத் தேடுவார், திரையைத் தேய்ப்பார், அப்புறம்தான் "பரவால்லைங்க" என்பார். இரவு நன்றாகத் தூங்கினாரா என்பதைக்கூடக் காலையில் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். குழம்பில் உப்பு கூடினால் சண்டை போட மாட்டார். "பாரு, உன்னால துடிப்பு எப்படி ஏறிருச்சுன்னு" என்று மனைவியிடம் திரையை நீட்டுவார். இதற்கு ஒரு பெண்ணால் என்ன பதில் சொல்ல முடியும்?

ஏற்காடு மலையில் எங்கள் வெள்ளக்கடை கிராமத்தில் இந்த இனத்தின் முதல் ஆள், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற சந்திரசேகர். பெங்களூரில் இருக்கும் மகன் தினேஷ் வாங்கி அனுப்பினான். ஒரே தொல்லை, நெட் இருந்தால்தான் அந்த ஆப் வாயைத் திறக்கும். மழைக்காலத்தில் எங்களுக்கு நெட் கிடைப்பது ஊருக்கு மேலே பாறை உச்சியில் மட்டும். ஆகவே மனிதர், தன் இதயம் எப்படித் துடிக்கிறது என்று பார்க்க, காப்பிச் செடிகளுக்கு நடுவே மூச்சிரைக்கப் பாறை ஏறுவார். உச்சியில் போனைத் திறப்பார். சிவப்பு! சிவப்பைக் கண்டதும் பயம். பயந்ததும் இன்னும் சிவப்பு.

"ஏறி வந்ததால துடிக்குதுங்க. சித்த உக்காந்து பாருங்க" என்றேன் ஒருநாள்.

"ஏனுங்க, மெஷினுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சுருச்சாக்கும்?"

போன ஆடியில் ஒரு காலை, அவர் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் மனைவி ராணி சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தார்.

"ஏனுங்க, விடிஞ்சதுலருந்து ஒரு மாதிரியா இருக்குதுங்க. இடது கை மரத்துப் போவுது. நொம்ப வேர்க்குது."

"இரு, என்னோடத ஒரு எட்டு பாத்துட்டு வந்தர்றேன்" என்று அவர் பாறைக்குக் கிளம்பிவிட்டார்.

நான் என் வேனை எடுக்க ஓடினேன். கொண்டுவந்து நிறுத்திய நேரத்தில் அவரும் மேலிருந்து அலறிக்கொண்டே இறங்கினார். "சிவப்புங்க! எனக்கு சிவப்பு காட்டுது!" முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தவரும் அவரே. ராணியம்மா அவருடைய பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். "டாக்டர்கிட்ட அவர மொதல்ல பாக்கச் சொல்லுங்க" என்று என்னிடம் வேறு சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் காலியாக இருந்தது ஒரே கட்டில். பிடித்தவர் யார்? பொத்தான்களை முழுதாகக் கழற்றிவிட்டுப் படுத்தே விட்டார். டாக்டர் இலக்கியா உள்ளே வந்தார், கதவோரம் நின்ற ராணியம்மாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"ஐயா, எந்திரிங்க. படுக்க வேண்டியது அவங்க."

மாரடைப்பு. சேலத்துக்கு ஆம்புலன்ஸ். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சந்திரசேகர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ராணியம்மா பிழைத்துக்கொண்டார்.

இனி மாறியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஊரெல்லாம் அவர் சொல்லித் திரிவது இதுதான்: "எனக்கு சிவப்பு காட்டுனதாலதான ஆஸ்பத்திரிக்குப் போனோம்? அவள இந்த மெஷின்தானுங்க காப்பாத்துச்சு!" இப்போது ராணியம்மாவுக்கும் ஒன்று வாங்கி ஒட்டி, தன் போனிலேயே இணைத்தாயிற்று. மனைவி முகத்தைப் பார்க்கிற வேலை மிச்சம். அவர் எப்படி இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள, அவரை வீட்டில் விட்டுவிட்டு இவர் பாறை ஏறுகிறார். திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே செய்தி வருகிறதாம்: 'ஆள் அருகில் இல்லை.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் நெஞ்சில் ஒன்றும் ஒட்டியிருக்காது, தெரியும். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து யாரோ ஏதோ சொன்னார்கள், நீங்களும் தலை நிமிராமல் "ம்" என்றீர்கள். என்ன சொன்னார்கள்?